இரண்டு பிளாட்பாரங்கள்

வெளியூர் வைத்தியத்துக்குக் கைப்பேசி வழி காட்டுமா?

பொழுது சாய்ந்து விளக்கு வைக்கும் நேரம். சங்கரன்கோவில் ரயில் நிலையத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. செங்கோட்டையிலிருந்து சென்னைக்குப் போகும் பொதிகை எக்ஸ்பிரஸ் வரவேண்டும். பட்டணத்தில் வேலை பார்க்கும் மகனைப் பார்க்கப் போகிற பெற்றோர், விடுமுறை முடிந்து கல்லூரிக்குத் திரும்பும் பிள்ளைகள், சரக்கெடுக்கப் போகும் வியாபாரிகள் என்று பல தரத்தவர். அவர்களுக்கு நடுவே இன்னொரு வகைப் பிரயாணியும் உண்டு. பெட்டியையும் படுக்கையையும் கீழே வைத்துவிடுவார். கையில் உள்ள பெரிய உறையை மட்டும் கீழே வைக்கமாட்டார். ஸ்கேன் படமும் ரத்தப் பரிசோதனைச் சீட்டும் அதற்குள் இருக்கின்றன. பக்கத்தில் முக்காடிட்டு உட்கார்ந்திருக்கும் அம்மாள்தான் நோயாளி.

"எங்க அண்ணாச்சி, மெட்ராஸுக்கா?"

"ஆமா தம்பி. உங்க மதினிக்கு நெஞ்சுல அடைப்பு இருக்குன்னு சொல்லிட்டாங்க. பெரிய ஆஸ்பத்திரியில காட்டணுமாம்."

"எந்த ஆஸ்பத்திரிக்குப் போறீங்க?"

"மேலத்தெருச் சம்பந்தி போன வருஷம் ஒரு இடத்துக்குப் போய்ட்டு வந்தாருல்லா? அங்கதான். அவரு மகனும் ஸ்டேஷனுக்கு வந்து நிப்பான்."

தென்காசிச் சீமையில் எந்த ரயில் நிலையத்திலும் எந்த நாளிலும் காதில் விழக்கூடிய பேச்சுத்தான் இது. திருநெல்வேலி சுமார் 55 கிலோமீட்டர். அங்கே 1965-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கண் நோய்க்கு 1988 முதல் அரவிந்த் ஆஸ்பத்திரி இருக்கிறது. அதற்கும் மேல் போக வேண்டுமென்றால் மதுரை. பிறகு வேலூர், சென்னை. வீட்டை விட்டுக் கிளம்பி வெளியூரில் தங்கி வைத்தியம் பார்த்துக்கொள்வதற்கு இப்போது 'மருத்துவச் சுற்றுலா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நகையை அடகு வைத்துவிட்டுப் போகிறவருக்கு இது சுற்றுலாவாகத் தோன்றாது. ஆனாலும் மாலத்தீவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் சென்னைக்கு விமானம் ஏறி வருகிறவரும், சங்கரன்கோவிலில் ரயில் ஏறுகிறவரும் ஒரே கேள்வியைத்தான் சுமந்து வருகிறார்கள். எங்கே போவது? யாரை நம்புவது? எவ்வளவு ஆகும்?

கைப்பேசிக்குள் ஒரு பிளாட்பாரம்

இந்த மூன்று கேள்விக்கும் பதில் சொல்ல இன்னொரு பிளாட்பாரம் கிளம்பியிருக்கிறது. அது கைப்பேசிக்குள் இருக்கிறது. ஆங்கிலத்தில் அதற்கும் அதே சொல்தான். நம்மவர்கள் தளம் என்றும் செயலி என்றும் சொல்கிறார்கள்.

அதன் சூத்திரம் சுலபமானது. வாங்குகிறவனையும் விற்கிறவனையும் ஓர் இடத்தில் கூட்டிவைத்து, நடுவில் நிற்கிறவன் ஒரு பங்கை எடுத்துக்கொள்வது. நடுவில் நிற்கிறவனுக்குச் சொந்தமாகச் சரக்கு எதுவும் தேவையில்லை. 2006-இல் பெங்களூரில் தொடங்கிய ரெட்பஸ் நிறுவனம் பிறருடைய பஸ்களுக்கு டிக்கெட் விற்று வளர்ந்தது இப்படித்தான். அமெரிக்காவில் 2008-இல் வந்த ஏர்பிஎன்பி பிறர் வீட்டு அறைகளை வாடகைக்கு விட்டது. 2009-இல் வந்த ஊபர் பிறர் வண்டிகளை ஓட்டியது. இன்றைக்குச் சாப்பாடு, சேலை, கல்யாண வரன் எல்லாமே இந்த வழியில் வந்துவிட்டன.

அப்படியானால் வைத்தியம் ஏன் வரக்கூடாது? வருகிறவர்களின் கூட்டமோ சிறியதல்ல. 2019-இல் மருத்துவத்துக்காக இந்தியாவுக்கு வந்த அயல்நாட்டார் ஏறக்குறைய 7 லட்சம் பேர். கொரோனா வந்த 2020-இல் இது 2 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. 2023-இல் மறுபடியும் 6 லட்சத்தைத் தாண்டியது. மத்திய அரசின் சுற்றுலா அமைச்சகம் 2022-இல் மருத்துவச் சுற்றுலாவுக்கென்று ஒரு தேசியத் திட்டம் வெளியிட்டது. ஆஸ்பத்திரி, டாக்டர், சிகிச்சை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காட்டும் இணையத்தளம் ஒன்று வேண்டும் என்பது அதன் தூண்களில் ஒன்று. தனியாரும் பல தளங்களைத் திறந்திருக்கிறார்கள்.

இருந்தும் பஸ் டிக்கெட் மாறியது போல வைத்தியப் பிரயாணம் மாறிவிடவில்லை. அண்ணாச்சி இன்னும் சம்பந்தியைத்தான் கேட்கிறார். வெளிநாட்டிலிருந்து வருகிறவரும் ஏற்கனவே வந்து குணமான உறவினரையோ, தம் ஊர் டாக்டரையோ, தம் மொழி பேசும் ஒரு வழிகாட்டியையோதான் முதலில் தேடுகிறார். இவர்களையெல்லாம் காலத்துக்குப் பின்தங்கியவர்கள் என்று தள்ளிவிடலாமா? தள்ளுவதற்கு முன் சங்கரன்கோவிலையே கொஞ்சம் பார்த்துவிட்டு வருவது நல்லது.

கண்மலர் சொன்ன சாட்சி

சங்கரன்கோவில் பழைய மருத்துவ யாத்திரைத் தலம். அரியும் சிவனும் ஒன்றே என்று சங்கன், பதுமன் என்ற நாகர்களின் வழக்கைத் தீர்க்கச் சங்கரநாராயணராய்க் காட்சி கொடுத்த இடம் என்பது தல வரலாறு. அந்தக் காட்சியை வேண்டிக் கோமதியம்மன் செய்த தவம்தான் ஆடித் தபசாகக் கொண்டாடப்படுகிறது. இங்கே பிரசாதம் புற்று மண். தோல் நோய் கண்டவர்கள் அதைப் பூசிக்கொள்வார்கள். விஷ ஜந்துக்களின் பயம் நீங்க வேண்டுமென்று பாம்பு, தேள் உருவங்களை உண்டியலில் போடுவார்கள். அம்மன் சந்நிதிக்கு முன்னுள்ள சக்கரத்தில் மனநோய் கண்டவர்களை உட்கார வைக்கும் வழக்கமும் உண்டு. புற்று மண்ணுக்கு மருந்துக் குணம் உண்டா என்பது வேறு விஷயம். தோலில் தேமல் கண்டால் தோல் டாக்டரையும், மனம் குழம்பினால் மனநல டாக்டரையும் பார்ப்பதே இன்றைக்குச் சரியான வழி.

ஆனால் விளம்பரமும் அச்சும் இல்லாத காலத்தில் எங்கிருந்தெல்லாமோ நோயாளிகள் இந்த ஊரைத் தேடி வந்தது எப்படி? குணமானவர் திரும்பிப் போய்த் தம் ஊரில் சொன்னார். வேண்டுதல் நிறைவேறியவர் வெள்ளியில் உரு செய்து வந்து காணிக்கை செலுத்தினார். கண் நோய் தீர்ந்தவர் கோயிலுக்குக் கண்மலர் சாத்துவது தமிழ்நாடு முழுவதும் உள்ள வழக்கம். இன்றைய செயலி கொடுக்கும் ஐந்து நட்சத்திரத்துக்கு அந்தக் கண்மலரே பாட்டி. வித்தியாசம் ஒன்றுதான். கண்மலரைச் சாத்தியவர் இன்னார் மகன், இன்ன தெருக்காரர் என்பது ஊருக்குத் தெரியும். பொய் சொன்னால் மறுநாள் தெருவில் நடமாட முடியாது. செயலியில் நட்சத்திரம் போட்டவர் யார் என்பது யாருக்கும் தெரியாது. காசு கொடுத்து நட்சத்திரம் வாங்கலாம் என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

சம்பந்தியின் சொல்லுக்கு உள்ள மதிப்பு இதுதான். அவருடைய மார்பில் தையல் தழும்பு இருக்கிறது. நாளைக்கு ஏதாவது தவறாகப் போனால் அவர் முகத்துக்கு நேரே கேட்கலாம்.

பஸ் ஸீட்டும் பித்தப்பைக் கல்லும்

செயலியின் முதல் தடை சரக்கிலேயே இருக்கிறது. பஸ்ஸில் ஜன்னலோர ஸீட் என்றால் ஜன்னலோர ஸீட்தான். டிக்கெட் எடுத்த பிறகு அது மாறாது. வைத்தியம் அப்படியா? பித்தப்பையில் கல் என்று படம் பார்த்துச் சொல்லி, சிறு துளை வழியாக அறுவை செய்ய இத்தனை ரூபாய் என்று தளத்தில் போட்டுவிடலாம். நோயாளி வந்து படுத்த பிறகுதான் சர்க்கரை ஏறியிருப்பது தெரியும். இதயத்தைப் பரிசோதிக்க வேண்டியிருக்கும். துளை போதாமல் வயிற்றைத் திறக்க வேண்டியும் வரலாம். மூன்று நாள் என்றது பத்து நாளாகும். சொன்ன தொகைக்கு மேல் பில் வரும்.

இதில் டாக்டர் ஏமாற்றினார் என்று சொல்ல முடியாது. உடம்பைப் பார்த்துத்தான் சிகிச்சையை முடிவு செய்ய வேண்டும். ஆனால் தளத்தில் பார்த்த விலையை நம்பிப் பணம் திரட்டி வந்தவருக்கு அது ஏமாற்றமாகவே படும். உண்மையான விலையைச் சொன்னால் பட்டியலில் கீழே போய்விடுவோம் என்று ஆஸ்பத்திரி பயப்படுகிறது. குறைந்த விலையைப் போட்டால் வாசலில் சண்டை. ஆகவே பல ஆஸ்பத்திரிகள் விலையே போடுவதில்லை. விலை இல்லாத கடைவீதியில் யார் வாங்குவார்கள்?

நட்சத்திரத்திலும் இதே சங்கடம்தான். இட்லி வெந்ததா என்று சாப்பிட்டவனால் சொல்ல முடியும். வால்வு சரியாகப் பொருந்தியதா என்று நோயாளியால் சொல்ல முடியாது. அறை சுத்தமாக இருந்ததா, நர்ஸ் அன்பாகப் பேசினாளா என்பதற்குத்தான் அவரால் மார்க் போட முடியும். பஸ்ஸில் வருஷத்துக்குப் பத்து முறை போகிறவர்கள் சேர்ந்து பஸ் கம்பெனியைத் திருத்திவிடலாம். இதய அறுவைக்கு ஆயுளில் ஒரு தடவை போகிறவர் யாரைத் திருத்துவது?

கமிஷன் என்ற முடிச்சு

இரண்டாவது தடை இன்னும் ஆழமானது. தளத்தின் உயிர் கமிஷனில் இருக்கிறது. வைத்திய தர்மமோ கமிஷனைப் பாவம் என்கிறது. டாக்டர்களின் நடத்தை பற்றி இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-இல் வெளியிட்ட விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. ஒரு நோயாளியை அனுப்பியதற்காகவோ, சிபாரிசு செய்ததற்காகவோ, பிடித்துக் கொடுத்ததற்காகவோ எந்த டாக்டரும் பணமோ பரிசோ கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது.

இந்த விதிக்குக் காரணம் சாமானிய ஜனங்களுக்கே புரியும். அனுப்புகிறவர் பணம் வாங்கினால், நல்ல இடத்துக்கு அனுப்பமாட்டார். அதிகம் கொடுக்கும் இடத்துக்கு அனுப்புவார். அந்தப் பணமும் கடைசியில் நோயாளியின் பில்லில்தான் ஏறும். பெரிய ஊர்களில் ஆஸ்பத்திரி வாசலிலும் விமான நிலையத்திலும் "வாங்க சார், நல்ல டாக்டர்கிட்ட கூட்டிப் போறேன்" என்று கையைப் பிடிக்கும் தரகர்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

விதி டாக்டரைக் கட்டுகிறது. தளத்தை நடத்துகிறவர் டாக்டர் அல்லவே! அவர் வாங்கும் தொகைக்குக் கமிஷன் என்று பெயர் இல்லை. சேவைக் கட்டணம், விளம்பரக் கட்டணம் என்று பெயர். இந்தச் சந்தையும் அடைக்கப்படவிருந்தது. தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் புதிய விதிகளை வெளியிட்டது. பட்டியலில் மேலே வருவதற்காக டாக்டர்கள் பணம் கொடுக்கக்கூடாது, உயர்ந்த மதிப்பெண் தருவதற்குக் கட்டணம் கேட்கும் செயலிகளில் பதிந்துகொள்ளக்கூடாது என்று அதில் இருந்தது. ஆனால் வேறு சில ஷரத்துக்களுக்கு, முக்கியமாக மருந்தின் மூலப் பெயரையே எழுத வேண்டும் என்றதற்கு, எதிர்ப்புக் கிளம்பியது. அதே மாதத்திலேயே விதிகள் முழுவதும் நிறுத்தி வைக்கப்பட்டன.

ஆக, நேர்மையான ஆஸ்பத்திரி தளத்தில் சேரத் தயங்குகிறது. தயங்காத ஆஸ்பத்திரி பட்டியலின் தலைப்பில் நிற்கிறது. பார்க்கிற நோயாளிக்கு வித்தியாசம் தெரிவதில்லை. கைப்பேசியில் முதலில் வரும் பெயரே முதல்தரமான பெயர் என்று அவர் நினைத்துக்கொள்கிறார்.

பெரிய ஆஸ்பத்திரி, சிறிய ஆஸ்பத்திரி

மூன்றாவது தடை, சேர வேண்டியவர்கள் சேராமல் இருப்பது. சென்னையில் அப்போலோ 1983-இல் தொடங்கியது. கண்ணுக்குச் சங்கர நேத்ராலயா 1978-இலேயே வந்துவிட்டது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவமனையின் வயது நூறைத் தாண்டிவிட்டது. இத்தகைய பெயர் பெற்ற இடங்களைத் தேடி நோயாளிகள் தாமாக வருகிறார்கள். பெரிய தனியார் ஆஸ்பத்திரிகள் அயல்நாட்டாரைக் கவனிக்கவென்றே தனிப் பகுதியும் மொழிபெயர்ப்பாளர்களும் வைத்திருக்கின்றன. அவர்கள் எதற்காக நடுவில் ஒருவனைக் கூப்பிட்டுப் பங்கு கொடுக்க வேண்டும்?

தளம் தேவைப்படுவது பெயர் தெரியாத நல்ல சிறிய ஆஸ்பத்திரிக்கு. மாவட்டத் தலைநகரங்களில் கைதேர்ந்த டாக்டர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கணக்கு எழுதவே ஆள் போதாமல் திண்டாடுகிறார்கள். எத்தனை அறுவை செய்தோம், எத்தனை பேருக்குச் சீழ் பிடித்தது, எத்தனை பேர் திரும்ப வந்து படுத்தார்கள் என்ற விவரங்களை ஒழுங்காகத் திரட்டித் தருவது அவர்களால் முடிகிற காரியமாக இல்லை. ஆஸ்பத்திரிகளின் தரத்தைச் சோதித்துச் சான்று தரும் தேசிய அமைப்பு நம் நாட்டில் இருக்கிறது. அந்தச் சான்றைப் பெறுவதற்கும் பணமும் ஆளும் வேண்டும்.

கைவிட்டுப் போகும் தொல்லையும் உண்டு. செயலி மூலம் வந்த நோயாளி டாக்டரை ஒரு தடவை பார்த்துவிட்டால் அப்புறம் அவர்கள் நேரடியாகப் பேசிக்கொள்வார்கள். அடுத்த தடவை தம்பியை அழைத்து வரும்போது செயலியின் நினைப்பே வராது. ஒரே ஒரு முறை கிடைக்கும் கூலிக்காகத் தளத்துக்காரர் எவ்வளவு பாடுபடுவார்? அந்த ஒரு முறையிலேயே அதிகம் கறக்கப் பார்ப்பார்; இல்லாவிட்டால் கடையை மூடிவிடுவார்.

மஞ்சள் பை

நான்காவது தடை, அண்ணாச்சியின் கையிலுள்ள உறை. அந்த அம்மாளின் நோய்ச் சரித்திரம் முழுவதும் அந்த உறையிலும் வீட்டு அலமாரியிலுள்ள ஒரு மஞ்சள் பையிலும் இருக்கிறது. ஐந்து வருஷத்துக்கு முன் எடுத்த படம் ஒட்டிக்கொண்டிருக்கும். மருந்துச் சீட்டின் எழுத்து எழுதியவருக்கே விளங்காது. ஒரு ஆஸ்பத்திரியில் எடுத்த ஸ்கேனை அடுத்த ஆஸ்பத்திரி ஏற்காமல் மறுபடி எடுக்கச் சொல்லும்.

இதைத் தீர்க்கவே மத்திய அரசு 2021 செப்டம்பரில் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தை நாடு முழுவதற்குமாகத் தொடங்கியது. ஒவ்வொருவருக்கும் ஒரு சுகாதார எண். அந்த எண்ணில் எல்லாச் சீட்டுகளும் சேரும். எண் வாங்குவது சுலபம். ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் ஒவ்வொரு பரிசோதனைக் கூடமும் அதில் சீட்டுகளைச் சேர்த்தால்தான் பயன். அயல்நாட்டிலிருந்து வருகிறவருக்கோ அவர் ஊர்ச் சீட்டு அவர் ஊர் மொழியில் இருக்கும்.

ரகசியம் காப்பது இன்னொரு கவலை. பெண்பிள்ளைக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்பதை அத்தைக்குக்கூடச் சொல்லாத குடும்பங்கள் உண்டு. அந்தச் சீட்டைப் படம் பிடித்துச் செயலியில் ஏற்றினால் எத்தனை பேர் கண்ணில் படும்? தனிப்பட்ட விவரங்களைக் காக்கும் சட்டம் 2023-இல் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன. விவரத்தைக் கசியவிட்டால் பெரிய அபராதம் என்றவுடன், சிறிய தளத்துக்காரருக்கும் சிறிய ஆஸ்பத்திரிக்கும் பயம் வந்திருக்கிறது. நோயாளியைப் பொறுத்தவரை அது வேண்டிய பயம்தான்.

எல்லைக் கோடு

ஐந்தாவது தடை சட்டமும் சர்க்காரும். தொலைபேசியிலும் திரையிலும் நோயாளியைப் பார்த்து மருந்து எழுதலாம் என்று டாக்டர்களுக்கு 2020 மார்ச்சில் வழிமுறைகள் வகுக்கப்பட்டன. கொரோனா ஊரடங்கில் அவை பேருதவியாக இருந்தன. ஆனால் இந்திய எல்லைக்கு அப்பாலுள்ள நோயாளிக்கு அந்த வழிமுறைகள் பொருந்தா. சென்னையில் அறுவை செய்துகொண்டு மாலே திரும்பியவருக்குப் பத்தாம் நாள் காய்ச்சல் வந்தால், இங்குள்ள டாக்டர் திரையில் பார்த்து மருந்து சொல்வதற்குத் தெளிவான சட்டப் பாதுகாப்பு இல்லை. நாடு விட்டு நாடு நடக்கும் வைத்தியத் தளத்துக்கு இது முதுகெலும்பையே முறிக்கிற விஷயம்.

விசா அதற்கு மேல். நோயாளிக்கு ஒரு விசா, துணைக்கு வருகிறவருக்கு ஒரு விசா. இந்தியாவுக்கு மருத்துவத்துக்காக வந்தவர்களில் மிகப் பெரும் பகுதியினர் வங்கதேசத்தார். 2024 ஆகஸ்டில் அங்கே ஆட்சி கவிழ்ந்தபோது இந்திய விசா வழங்குவது வெகுவாகக் குறைக்கப்பட்டது. அவர்களை நம்பியிருந்த ஆஸ்பத்திரிகளும் விடுதிகளும் வெறிச்சோடின. எவ்வளவு நேர்த்தியான செயலியாக இருந்தாலும் மூடிய தூதரகக் கதவை அதனால் திறக்க முடியவில்லை.

சில சிகிச்சைகளைத் தளத்தில் வைக்கவே கூடாது. உறுப்பு மாற்றம் அவற்றில் ஒன்று. 1994-ஆம் ஆண்டுச் சட்டம் உறுப்பு வியாபாரத்தைக் குற்றமாக்கியது. உயிரோடு உள்ள இந்தியர் ஒருவர், நெருங்கிய உறவில்லாத அயல்நாட்டாருக்கு உறுப்புத் தர 2011-ஆம் ஆண்டுத் திருத்தம் இடம் கொடுக்கவில்லை. இந்தத் தடைக்காக யாரும் வருத்தப்பட வேண்டியதில்லை. சிறுநீரகத்துக்கும் ஒரு கடைவீதி வந்தால் விற்கிறவன் ஏழையாகவே இருப்பான்.

யார் பதில் சொல்வது?

எல்லாத் தடைகளுக்கும் அடியில் ஒரே ஒரு தடை படுத்திருக்கிறது. தவறு நேர்ந்தால் பதில் சொல்ல யார் இருக்கிறார்கள்?

வைத்தியமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-இல் இந்திய மருத்துவச் சங்கத்துக்கும் வி.பி. சாந்தாவுக்கும் நடந்த வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லிவிட்டது. டாக்டரைக் கேட்கலாம், ஆஸ்பத்திரியைக் கேட்கலாம். ஆனால் அந்த ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்ன செயலியைக் கேட்டால், "நாங்கள் இடையில் இருப்பவர்கள்தான், சிகிச்சைக்குப் பொறுப்பல்ல" என்று நிபந்தனைகளின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கும். பங்கு வாங்கும்போது நடுவில் நிற்கிறவர், பொறுப்பு வரும்போது ஓரமாக ஒதுங்கிக்கொள்கிறார். இதை ஜனங்கள் சட்டம் படிக்காமலே தெரிந்துவைத்திருக்கிறார்கள். கைப்பேசியில் பஸ் டிக்கெட் எடுக்கிறவர் ஆஸ்பத்திரிக்குச் சம்பந்தியைக் கேட்பதற்குக் காரணம் இதுவே.

எங்கே பலித்தது?

அப்படியானால் பட்டியலும் திரையும் வைத்தியத்துக்கு உதவவே உதவாதா? உதவிய இடங்கள் உண்டு.

தமிழக அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2009-இல் தொடங்கி, 2012-இல் புது வடிவம் பெற்று நடந்து வருகிறது. எந்த ஆஸ்பத்திரியில் என்ன சிகிச்சைக்கு எவ்வளவு தொகை என்பது அதில் முன்கூட்டியே தீர்மானமானது. மாலத்தீவு அரசு 2012-இல் கொண்டுவந்த ஆசந்தா திட்டத்திலும், குறித்த வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளில் தன் மக்கள் சிகிச்சை பெற அந்த அரசே பணம் கட்டுகிறது. இவையும் ஒரு வகையில் தளங்கள்தான். ஆனால் பட்டியலுக்குப் பின்னால் பணம் கட்டுகிறவர் ஒருவர் நிற்கிறார். ஆஸ்பத்திரி தவறு செய்தால் பட்டியலிலிருந்து நீக்கும் அதிகாரம் அவருக்கு இருக்கிறது.

இன்னொரு உதாரணம் சங்கரன்கோவிலுக்குப் பக்கத்திலேயே பிறந்த ஒருவருடையது. எட்டயபுரத்துக்கு அருகே வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்தவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. வாதத்தால் விரல்கள் கோணிப்போன கைகளோடு கண் அறுவை செய்தவர். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். நோயாளி தேடி வரட்டும் என்று காத்திராமல் கிராமத்தில் முகாம் போட்டார்கள். புரை கண்டவர்களைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் அறுவை செய்து, திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். பிறகு சிறிய ஊர்களில் கண் பரிசோதனை மையங்கள் வைத்தார்கள். அங்கே பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள் கண்ணைச் சோதிப்பார்கள். ஆஸ்பத்திரியிலுள்ள டாக்டர் திரை வழியாக நோயாளியோடு பேசி முடிவு சொல்வார்.

இங்கேயும் கம்பியில்லாத் தந்தி போல ஒரு கருவி இருக்கிறது. ஆனால் கருவியின் இந்த முனையில் நோயாளிக்குத் தெரிந்த ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அந்த முனையில் பொறுப்பேற்கும் ஆஸ்பத்திரி இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் கமிஷன்காரர் இல்லை. அதனால் கிழவி ஒருத்தி கூச்சமில்லாமல் திரைக்கு முன் உட்கார்ந்து, "கண்ணு மறைக்குது டாக்டரய்யா" என்று சொல்ல முடிகிறது.

குற்றாலமும் பாளையங்கோட்டையும்

இந்தப் பாடம் தென்காசி மாவட்டத்துக்கே நாளைக்குத் தேவைப்படலாம். 2019-இல் தனி மாவட்டமான இந்தச் சீமை, நோயாளிகளை வெளியே அனுப்புவதோடு நிற்க வேண்டியதில்லை. பக்கத்தில் குற்றாலம் இருக்கிறது. ஆடித் தபசு வரும் மாதத்தில்தான் அங்கே சீசனும் களைகட்டும். பாளையங்கோட்டையில் 1964-இல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நம் நாட்டு வைத்திய முறைகளைத் தேடி வரும் அயல்நாட்டாருக்கென்றே 2023-இல் மத்திய அரசு தனி விசா ஏற்படுத்தியிருக்கிறது.

ஆனால் சித்த வைத்தியத்தைத் தளத்தில் ஏற்றினால் முன்சொன்ன தடைகள் இரட்டிப்பாகும். நாடி பார்க்க ஆள் நேரில் வேண்டும். முறையாகப் படித்துப் பதிவு பெற்ற சித்த மருத்துவர் யார், மூலிகை எண்ணெய் விற்கும் போலி யார் என்று கைப்பேசித் திரை பிரித்துக் காட்டாது. பதிவு இல்லாதவரைச் சேர்க்காமல், சேர்த்தவருக்குப் பொறுப்பேற்கும் பட்டியல் ஒன்றை அரசோ கல்லூரியோ முன்னின்று நடத்தினால் இந்தப் பக்கத்துக்கு வருமானமும் நல்ல பெயரும் வரும். அதைத் தரகர்கள் கையில் விட்டுவிட்டால் முதல் வருஷம் கூட்டம் வரும். அடுத்த வருஷம் கெட்ட பெயர்தான் மிஞ்சும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

அதுவரை செயலியைத் தொடவே கூடாது என்பதில்லை. விலாசம் அறிய, டாக்டர் எந்தக் கிழமை இருப்பார் என்று பார்க்க, முன்பதிவு செய்ய அது நல்ல வேலைக்காரன். அதை எஜமானன் ஆக்கிவிடாமல் இருக்கச் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நல்லது.

இந்தப் பட்டியலில் முதலில் நிற்கிறவர் பணம் கொடுத்து நிற்கிறாரா? செயலிக்கு யார் கூலி கொடுக்கிறார்கள்? டாக்டரின் மருத்துவக் கவுன்சில் பதிவு எண் என்ன? சொன்ன தொகையில் எவையெல்லாம் அடங்கும், எவையெல்லாம் அடங்காது என்பதை எழுத்தில் தருவார்களா? செலவு கூடினால் முன்கூட்டிச் சொல்வார்களா? காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா? ஊர் திரும்பிய பிறகு தையல் பிரிக்கவும் காய்ச்சல் வந்தால் கேட்கவும் எந்த டாக்டரை, எந்த எண்ணில் கூப்பிடுவது? வீட்டுக்கு அனுப்பும்போது என்ன செய்தோம், என்ன மருந்து என்று முழு விவரச் சீட்டும் படங்களும் கையில் தருவார்களா?

இவற்றுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்கிற இடம், செயலியில் எத்தனாவதாக வந்தால் என்ன? சம்பந்தி சொன்ன இடமானாலும் இதே கேள்விகளைக் கேட்கத் தவறக்கூடாது. சம்பந்தியின் நோய் வேறு, மதினியின் நோய் வேறு. தெரிந்தவர் சொல் நேர்மைக்குச் சாட்சியாகலாம். சிகிச்சைக்குச் சாட்சி ஆகாது. முதலில் உள்ளூர் டாக்டரிடமோ அரசு ஆஸ்பத்திரியிலோ காட்டி, வெளியூர் போகத்தான் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டால் பாதிப் பிரயாணங்கள் பாளையங்கோட்டையிலேயே முடிந்துவிடக்கூடும்.

தளம் நடத்துகிறவர்களுக்கும் இதில் வழி இருக்கிறது. ஆஸ்பத்திரியிடம் பங்கு வாங்குவதை விட்டு, நோயாளியிடமே வெளிப்படையாக ஒரு கூலி வாங்கிக்கொண்டு, அவருக்காக நிற்கட்டும். அவர் மொழி தெரிந்த ஓர் ஆளைத் துணைக்கு அனுப்பட்டும். பில்லைச் சரிபார்க்கட்டும். வீடு போய்ச் சேர்ந்த பிறகு பத்து நாள் விசாரிக்கட்டும். அப்போது ஜனங்கள் கண்மலர் சாத்தாவிட்டாலும், அடுத்தவருக்கு வாய்விட்டுச் சொல்வார்கள்.

மணி அடிக்கிறது. பொதிகை வந்து நிற்கிறது. அண்ணாச்சி உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அம்மாளைக் கையைப் பிடித்துப் படியேற்றுகிறார். கூட வந்த தம்பி பெட்டியைத் தூக்கிக் கொடுக்கிறான். வண்டி நகர்கிறது. பிளாட்பாரம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. எந்தப் பிளாட்பாரமும் யாருடனும் வண்டியேறி வந்ததில்லை. சென்னை ஸ்டேஷனில் காலையில் காத்து நிற்கப்போகிற சம்பந்தி மகனை நம்பித்தான் அந்த வண்டியில் இரண்டு பேர் தூங்கப் போகிறார்கள்.